தேய்ந்த காசில் ராசா முகம்

என் வீட்டுக்காரர் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்த நாட்களில், காலையில் கண் விழித்தால் கட்டில் கம்பியில் ஒரு தூக்குப்பாத்திரம் தொங்கும். உள்ளே சூடான கஞ்சி, கூடவே வாழையிலையில் மடித்த பயறு. யார் கொண்டுவந்து வைக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. கடைசியில் நர்ஸ்தான் சொன்னாள்: "மூக்குல கண்ணாடி தொங்க ஒரு மாமன் வாறாரு, வாய் ஓயாது." வேறு யார்? எங்கள் சோமண்ணன்தான். ஊரில் நடந்தது, நடக்காதது எல்லாவற்றையும் சொல்லித் திரிகிற மனிதர் இதை மட்டும் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. அப்பேர்ப்பட்டவரைக் கேலியாக எழுதுவதை மகாதேவர் பொறுத்துக்கொள்ளட்டும். எழுதாமலும் இருக்க முடியவில்லை.

ஏனென்றால் சோமண்ணன் ஓர் ஆள் இல்லை, ஓர் இனம். பாறசாலையிலிருந்து குளத்தூர் வரை எந்த மண்ணில் ஒரு பழைய பொருள் தலை நீட்டினாலும் பக்கத்தில் இந்த இனத்தில் ஒருவர் முளைத்திருப்பார். தேய்ந்த காசில் ராசா முகம் பார்க்கிற இனம்.

அடையாளம் சொல்கிறேன், கேளுங்கள். காசை நீட்டினால் உடனே வாங்கமாட்டார். வேட்டியில் கையைத் துடைத்து, கண்ணாடியைக் கழற்றி ஊதித் துடைத்து மறுபடி மாட்டி, காசை வெயிலுக்குக் காட்டி, மோந்து பார்த்து, கடைவாயில் கடித்து, கல்லில் போட்டு அதன் சத்தத்தை ஒரு காதால் கேட்டு, சந்தேகம் தீராமல் மறு காதாலும் கேட்டுவிட்டு, "ம்ம்" என்பார். அவ்வளவுதான். அதற்குமேல் ஆள் கூடாமல் வாய் திறக்கமாட்டார். கூடிவிட்டாலோ, மூடமாட்டார். "நான் எத்தனை கண்டிருக்கேன்" என்று ஆரம்பிப்பார். "திருவனந்தபுரத்துல மியூசியத்துப் பெரிய பெரிய சாறன்மாரு எங்கிட்டயாக்கும் கேப்பாங்க" என்று முடிப்பார். எல்லாச் சொல்லும் வரும் அந்த நாக்கில் ஒரு சொல் மட்டும் வராது: தெரியாது.

இதில் என்ன கெடுதல் என்கிறீர்களா? சரோஜத்தைக் கேளுங்கள்.

சரோஜம், புருஷன் போன பிறகு மகள் அஸ்வதியோடு தார்ப்பாய்க் கொட்டகையில் இருந்தவள். அலையாய் அலைந்து பஞ்சாயத்தில் வீடு பாஸானது. கல்லிடும் சடங்கும் நடந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி வந்தவர்கள் ஆளுக்கொரு காசை அஸ்திவாரக் குழியில் போட்டுக் கும்பிட்டுப் போனார்கள். வைகாசிப் பாதியில் பிடிக்கிற இடவப்பாதி மழை வருவதற்குள் அஸ்திவாரம் ஏறிவிட்டால் தப்பித்தாள். ஏறாவிட்டால் குழி குளமாகிக் கரை இடியும், கொட்டகையும் இன்னொரு மழையைத் தாங்காது.

அப்போது பார்த்து, மண் சுமந்த அஸ்வதியின் தங்கக் கம்மல் குழியில் விழுந்தது. கல்ஃபிலிருந்து வந்திருந்த உண்ணியிடம், மண்ணுக்குள் கிடக்கிற உலோகத்தைக் கண்டுபிடிக்கிற மெட்டல் டிடெக்டர் உண்டு. தரை துடைப்பதுபோல அதைக் குழிக்குள் ஓட்டினான். கீக்! கம்மல் கிடைத்தது. அதோடு நிறுத்தினானா? இல்லை. மறுபடியும் கீக்! மூலையிலிருந்து களிம்பேறிய ஒரு வட்டத் துண்டு வந்தது.

"எலே உண்ணி, தொடாதே!"

வேலிக்கு அப்பாலிருந்து குரல். அது யாருடையது என்று நான் சொல்லவும் வேண்டுமா?

துடைத்து, மோந்து, கடித்து, எல்லாம் ஆனது. ஆளும் கூடியது.

"வேணாட்டு ராசா காசாக்கும். பாரு, இந்த ஓரத்துல ராசா முத்திரைச் சங்கு தெரியுது."

"எனக்கு முறுக்கு மாதிரில்லா தெரியுது அண்ணே" என்றான் உண்ணி.

"ஒனக்குப் பசி மக்கா, அதான்."

காலைச் சாயாவுக்கு வேணாட்டு ராசா. மத்தியானத்துக்குள் சேரமான் பெருமாள். சாயங்காலச் சாயாவுக்குள் காசு கப்பலேறி ரோமாபுரிக்கே போய்விட்டது. போனதோடு இருக்கவில்லை, ஒரு குடத்தையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. குடமா, எங்கே? "அடியில உண்டு. ஒரு ராசா ஒத்தக் காசயா புதைப்பான்?" என்றார் சோமண்ணன். நியாயம்தானே!

மறுநாள் காலையில் சரோஜத்தின் குழியைச் சுற்றி ஊர் நின்றது, பாதிப் பேர் மண்வெட்டியோடு. கொத்தனார் தேவகுமார் கரண்டியைக் கழுவி சஞ்சிப்பையில் போட்டார். "புதையல் உள்ள பூமியில நான் கல்லு வைக்கமாட்டேன். நாளைக்கு ஸ்டேஷன்ல போய் நிக்க எனக்கு முடியாது."

மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சரோஜம் சோமண்ணன் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, இது ஒண்ணும் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. மழ வருது."

"அதெப்படி சொல்ல? சரித்திரத்த மறைக்கலாமா சரோஜம்?"

சரித்திரத்துக்கு நனைந்தால் சளி பிடிக்குமா என்ன?

சந்தேகப்படுகிறவர்களுக்கு எழுத்தைக் காட்டிவிடுகிறேன் என்று, புளியும் சாம்பலும் தேங்காய் நாரும் வாங்கி, கோயில் குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல அந்தக் காசை அமுக்கி அமுக்கித் தேய்த்தார். மண்ணுக்குள் எத்தனையோ காலம் கிடந்தும் மிஞ்சியிருந்த கொஞ்சநஞ்சமும் அந்தத் தேய்ப்பில் போயிற்று. கழுவி எடுத்தபோது பளபளவென்று மின்னியது, சொட்டு அடையாளமில்லாமல்.

"சங்கு எங்க அண்ணே?"

"எலே, இது எழுத்து உண்டாவதுக்கு முன்னயே அடிச்ச காசாக்கும்."

"அப்போ ராசா?"

"ராசாவும் அப்போ உண்டாவலே."

இந்த நேரத்தில்தான் வில்லேஜ் ஆபீசிலிருந்து சுனில்குமார் சார் பைக்கில் வந்து இறங்கினார்.

"ஆரு சொன்னது இஞ்ச புதையல் உண்டுன்னு?"

ஊரின் விரல்கள் எல்லாம் ஒரே பக்கம் நீண்டன.

"சேட்டா, உறப்பாட்டு, நிச்சயமாச் சொல்லணும். பழைய ராசா காசுதான்னு நீங்க சொன்னா, நான் இந்த இடத்த கயிறு கெட்டி நிறுத்துவேன். மேலேருந்து ஆளு வந்து பாக்கட்டும்."

"ஆளு எப்ப வரும் சாறே?" என்றாள் சரோஜம்.

"வரும்போ வரும்."

எல்லாரும் சோமண்ணன் வாயைப் பார்த்தோம். ஆயுசில் முதல்முறையாக ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர் அவரிடம் காசு பற்றிக் கேட்கிறார்! நெஞ்சு நிமிர்ந்தது. "ம்ம்" என்றார். அப்போது ஒரு காற்று அடித்தது. கொட்டகையின் தார்ப்பாய் ஓரம் கிளம்பியது. சரோஜம் ஓடிப்போய் அதன்மேல் ஒரு செங்கல்லைத் தூக்கி வைத்தாள். அடுத்த ஓரம் கிளம்பியது. அஸ்வதி அதன்மேல் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சோமண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, சட்டைப்பையில் போட்டார்.

"சாறே, இது எங்க வீட்டுக் காசு. கல்லிட்டப்போ நான் போட்டது. ஒரு தமாசுக்கு ராசா காசுன்னு சொன்னேன்."

"செரி, அப்போ இது எந்தக் காலத்துக் காசு?"

அவர் தார்ப்பாய் மேல் உட்கார்ந்திருந்த அஸ்வதியைப் பார்த்தார்.

"தெரியாது சாறே."

கல்லிட்ட அன்று சோமண்ணன் குருவாயூரில் இருந்தார். திரும்பி வந்து பிரசாதம் தந்ததே என் கையில்தான். அந்தப் பொய்யைக் கடவுள் தன் கணக்கில் எந்தப் பக்கத்தில் சேர்த்தாரோ, எனக்குப் பயமில்லை, நல்ல பக்கத்தில்தான் சேர்த்திருப்பார்.

சுனில்குமார் சார் தலையில் அடித்துக்கொண்டு காசை வாங்கிக் குழியில் எறிந்துவிட்டுப் போனார். தேவகுமார் அதன்மேலேயே கல்லை வைத்தார். மழை வந்து பார்த்தபோது அஸ்திவாரம் தரைக்கு மேலே நின்றது. சோமண்ணனுக்குத்தான் சாயாக்கடையில் உட்கார முடியவில்லை. சோடா மூடியைப் பொறுக்கி நீட்டி, "அண்ணே, இது எந்த ராசாவோடது?" என்றார்கள். அவர் சாயாவைக் குடித்துவிட்டு எழுந்து போவார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் நாளைக்கு யாராவது ஒரு துருப்பிடித்த துண்டை உங்கள் முன்னால் நீட்டி, "இது என்னவாக இருக்கும்?" என்று கேட்பார்கள். அப்போது உங்கள் கை தானாகக் கண்ணாடியைத் தேடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் சோமண்ணன் மகளோடு இருக்கப் பெங்களூருக்குப் போனார். பாறசாலை ஸ்டேஷனில் நாங்கள் கொஞ்சம் பேர் வழியனுப்ப நின்றோம். வண்டி அசைந்தபோது ஜன்னல் வழியாக என்னைக் கை காட்டிக் கூப்பிட்டு, பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி ரகசியம் சொன்னார்:

"மக்கா, அது ராசா காசு தானாக்கும். அடியில குடமும் உண்டு. சரோஜத்துக்கிட்ட மட்டும் சொல்லாதே, பாவம், வீட்ட இடிச்சுப் பாத்திருவா!"