கரண்டிக்குச் செல்லும், வீட்டுக்குச் செல்லாது

ஸ்டோர்விக் ஏரி, மின்னசோட்டா
அக்டோபர் கடைசி வாரம்

ஸ்டோர்விக் வாரச் செய்தியின் ஆசிரியர் லவோன் அம்மையார் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் கணவரும் அவருடைய புது முழங்காலும் நலம் என்று நம்புகிறேன். நானும் நலம் என்று எழுதுவதுதான் மரியாதை என்பதால், நலம்.

சென்ற இதழில் டிராக்டர் விளம்பரத்துக்குக் கீழே "அன்பான குடும்பம் வாழ்ந்த வீடு, விற்பனைக்கு" என்று வந்திருந்ததே, அது எங்கள் வீடு. விளம்பரம் கொடுத்தது என் அண்ணன் டுவெய்ன். தயவுசெய்து அதில் ஒரு திருத்தம் போடுங்கள். "அன்பான" என்பதை எடுத்துவிடுங்கள். "வாழ்ந்த" என்பதையும் எடுத்துவிடுங்கள். நான் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறேன்.

என் அம்மா ஐடெல்லாவைத் தங்களுக்கு நன்றாகத் தெரியும். சாதாரண மக்களுக்கும் உயில் வேண்டும் என்று வக்கீல் ஷெர்மன் நம் சர்ச்சில் இலவச வகுப்பு எடுத்தாரே, அதற்கு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தவர், எலுமிச்சைக் கேக் தீர்ந்ததும் எழுந்து வந்துவிட்டார். "உயிலெல்லாம் ஏரிக்கரையில ரெண்டு பங்களா வச்சிருக்கறவங்களுக்குடா. நமக்கு டேப் போதும்" என்றார். நம் ஊரில் எந்த வீட்டு நாற்காலியைக் கவிழ்த்தாலும் அடியில் ஒரு துண்டு டேப்பும் அதில் ஒரு பிள்ளையின் பெயரும் இருக்கும். தங்கள் வீட்டுக் காபிப் பானையின் அடியையும் நான் பார்த்திருக்கிறேன். அம்மா, இறைச்சிப் பொட்டலங்களுக்கு ஒட்டுகிற அந்த வெள்ளை டேப்பைக் கிழித்துக் கிழித்து, சாப்பாட்டு மேசைக்கு அக்கா ஆர்டிஸ், சுவர்க் கடிகாரத்துக்கு டுவெய்ன், சூப்புக் கரண்டிக்கு மறுபடி ஆர்டிஸ் என்று வீடு முழுக்க ஒட்டினார். என் பெயர் மட்டும் எதிலும் இல்லை.

கேட்டேன். நேராகக் கேட்கவில்லை, நாம் அப்படிக் கேட்கிற ஜனங்களா? "இந்தக் கடிகாரம் நல்லா ஓடுது, இல்லம்மா?" என்றேன். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "வெளியே போற சாமானுக்குத்தான்டா பேரு ஒட்டணும். நீ எங்கே போகப்போறே? வீடே உன்னுதுதானே!" என்றார். அதோடு நிற்காமல் நிலவறைக்கு இறங்கி, ஃபியூஸ் பெட்டிக் கதவின் உள்பக்கம் "வீடு - லோவல்" என்று என் பெயரை ஒட்டிவிட்டு வந்து எனக்குக் காபி ஊற்றினார். நானும் நம்பினேன். பள்ளிப் பேருந்து ஓட்டிவிட்டு வந்து, கூரையில் பனி தள்ளி, அம்மாவைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, அவர் கண் மூடுகிறவரை உடனிருந்தேன். அது கஷ்டமாக இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

மார்ச்சில் அவரை அடக்கம் செய்தோம். சர்ச்சில் பன்றியிறைச்சி சாண்ட்விச்சும் பச்சை ஜெல்லியும் சாப்பிட்டு வீடு திரும்பியதும், பீனிக்ஸிலிருந்து வந்திருந்த என் அக்கா ஆர்டிஸ், துக்கத்துக்குப் போட்ட கறுப்பு உடையோடு மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பெயர் படிக்கத் தொடங்கினாள். டுவெய்ன் டார்ச் பிடித்தான். கொஞ்ச நேரத்தில் கொட்டகையிலிருந்த என் படகு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அண்ணே, அது நான் வாங்கினது."

"என் பேரு ஒட்டியிருக்கேடா."

"நீல டேப்புல ஒட்டியிருக்கு. அம்மா ஜென்மத்துல நீல டேப் வாங்கினதில்லையே!"

"வயசான காலத்துல கலர் மேல ஆசை வந்திருக்கும்" என்று சொல்லிக்கொண்டே தன் வண்டியில் ஏற்றினான்.

சரி என்று இருவரையும் நிலவறைக்குக் கூட்டிப்போய் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து காட்டினேன். இருவரும் குனிந்து படித்தார்கள். "இந்த வருஷம் பனி சீக்கிரமே உருகிடும் போல" என்றாள் அக்கா.

வக்கீல் ஷெர்மனிடம் ஓடினேன். "கையெழுத்து இல்லை, சாட்சி இல்லை. நீங்க உயில் எழுதலேன்னா சட்டம் உங்களுக்காக ஒண்ணு எழுதி வச்சிருக்கு, லோவல். யாரு கூரையில ஏறிப் பனி தள்ளினாங்கன்னு அதுக்குத் தெரியாது" என்றார். வீடு மூவருக்கும் சமம். அப்படியானால் டேப் செல்லாது, மேசையையும் கடிகாரத்தையும் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று போன் செய்தேன். "அது வேறடா. அது அம்மாவோட ஆசை. செத்தவங்க ஆசையை மதிக்க வேணாமா?" என்று டுவெய்ன் என்னைக் கேட்டான். ஆக, அம்மாவின் டேப் கரண்டிக்குச் செல்லும், வீட்டுக்குச் செல்லாது. அவர்கள் இருவருடைய பங்கையும் வாங்க ஒரு பேருந்து ஓட்டுநரின் ஓய்வூதியம் போதாது.

இப்போது மின்னியாபொலிஸிலிருந்து ஆட்கள் வந்து அலமாரிகளைத் திறந்து பார்க்கிறார்கள். நேற்று ஒரு பெண்மணி என்னைக் காட்டி, "இவரும் வீட்டோட சேர்த்தியா?" என்று தரகரிடம் கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்து, காபி வேண்டுமா என்று கேட்டேன்.

அதனால் தங்கள் வாசகர்களுக்கு இதைச் சொல்லுங்கள். நாலு வீடு இருப்பவன் உயில் எழுதாமல் செத்தாலும் பிள்ளைகள் தலைக்கு ஒரு கூரை மிஞ்சும். ஒரே வீடு இருப்பவர்கள்தான் எழுத வேண்டும். எழுதி, சாட்சி வைத்து, அது எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளிடம் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் வானிலையைப் பற்றிப் பேசக் கூடாது. எனக்கு அம்மா மேல் தாங்க முடியாத பாசம். தாங்க முடியாத கோபமும்தான். கல்லறைக்குப் பூ கொண்டுபோனால் அங்கே நின்று சண்டை போட்டுவிட்டு வருகிறேன்.

தங்கள் கணவரைக் கேட்டதாகச் சொல்லவும். ஆண்டவர் தங்கள் குடும்பத்தை, முக்கியமாகக் காபிப் பானையைப் பிரித்துக்கொள்ளும் நாளில், ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
இன்றுவரை அதே முகவரியில் இருக்கும்
லோவல் ஹெக்லண்ட்

பின்குறிப்பு: என் உயிலைக் காசு வாங்காமல் எழுதித் தருவதாக ஷெர்மன் புதன்கிழமை வரச் சொன்னார். மான் வேட்டை தொடங்குகிற வாரத்தில் யாராவது வக்கீல் வீட்டுக்குப் போவார்களா? வரவில்லை என்று சொல்லிவிட்டேன். என்னிடம் என்ன பெரிய சொத்து, ஒரு டிரக் இருக்கிறது. அது எனக்குப் போன் செய்கிற ஒரே ஜீவனான அக்கா மகள் கெய்லினுக்கு. அம்மாவின் டேப் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இருக்கைக்கு அடியில் அவள் பெயரை ஒட்டிவிட்டேன். நல்ல டேப், எந்தக் குளிருக்கும் உரியாது.