மாமா கேட்ட கேள்விக்கு முடிச்சூரிலிருந்து பதில்

கூடுவாஞ்சேரி சிட்டிபாபு மாமா அவர்களுக்கு, முடிச்சூர் மச்சான் மோகன்ராஜ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் ஜெயஸ்ரீயும், அவள் வயிற்றில் இருக்கும் நான்கு மாதமும் சௌக்கியம். அங்கே நீங்களும் பச்சையம்மா அக்காவும் கல்லூரிக்குப் போகும் சுஜியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் நடுவில் நீங்கள் பேசிவிடுவீர்கள், அதனால் கடிதம்.

இரண்டு வாரம் முன்னால், ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுச் சாப்பாட்டில் நல்ல சேதி சொன்னோம். "கையில வேலை இல்ல, இப்ப உங்களுக்குப் புள்ள கேக்குதா மச்சான்?" என்று கேட்டீர்கள். ஜெயஸ்ரீ பாதிப் பாயசத்தோடு எழுந்துவிட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் இதோ.

கல்யாணமாகி ஏழு வருடம். முதலில் சம்பளம் உயரட்டும் என்றோம், பிறகு கொரோனா, பிறகு மாமியாருக்கு ஆபரேஷன். போன வருடம் ஜெயஸ்ரீதான், "எல்லாம் சரியாவட்டும்னு சொல்லிகினே இருந்தா நமக்கு வயசாயிடும்" என்றாள். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு மாமா, தவறிப்போய் நடந்ததில்லை. அவளுக்கு மூன்றாம் மாதம் நடக்கும்போது நான் வேலை பார்த்த ஏசி சர்வீஸ் கடையை மூடினார்கள், அதுதான் தவறிப்போய் நடந்தது.

உங்கள் கேள்விக்கு மறுநாளே வேலை தேடிக் கிளம்பினேன். அபார்ட்மென்ட் செக்யூரிட்டி வேலைக்குப் போனால் யூனிஃபார்ம் பேன்ட் இடுப்பில் ஏறவில்லை, ஓட்டல் கேஷியர் வேலைக்குப் போனால் பரோட்டா வீசத் தெரியுமா என்றார்கள், கடைசியில் ஸ்கூல் வேன் ஓட்டும் வேலை கிடைத்தது. முதல் நாளே வண்டலூர் தாண்டுவதற்குள் இரண்டு பிள்ளைகள் வாந்தி. சாயங்காலம் எல்லாரையும் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஸ்ம்ருதி என்று ஒரு எல்.கே.ஜி. குழந்தை மிச்சம். வேறு வேனில் போக வேண்டியவள், ஜன்னல் சீட்டுக்காக என் வேனில் ஏறியிருக்கிறாள். ஸ்கூலுக்குப் போன் செய்துவிட்டு, "உங்க வீடு எது?" என்றால் கேட் வைத்த ஒவ்வொரு வீட்டையும் காட்டுகிறாள். கழுத்தில் விலாசத்தோடு அட்டை தொங்கியதை நான் கவனித்தது நான்காவது தெருவில். அதற்குள் தூங்கிவிட்டாள், தோளில் போட்டுக்கொண்டு போனேன். அவள் அம்மா கோபமாகத்தான் ஓடி வந்தார். குழந்தை எழுந்துவிடாமல் நான் கை மாற்றியதைப் பார்த்து, "உங்களுக்கு எத்தனை பசங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணு. வந்துகினு இருக்கு" என்றேன். வெளி ஆளிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

இப்போது காலை வேனுக்கும் மாலை வேனுக்கும் நடுவில் ஏசி ரிப்பேருக்குப் போகிறேன். ஜெயஸ்ரீ வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறாள். கஷ்டம் இருக்கும், தெரியும். அது எங்கள் கஷ்டம். பால் வாங்கக் காசு கேட்டு உங்கள் வாசலில் வந்து நிற்க மாட்டோம். அறிவுரை மட்டும் இனி வேண்டாம்.

பெரியவர்களுக்கு வணக்கம், சுஜிக்கு அன்பு.

இப்படிக்கு,
மோகன்ராஜ்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது அக்கா போன் செய்தாள். அவளுக்கும் இரண்டு மாதமாம். உங்களிடம் சொல்லப் பயமாக இருக்கிறதாம், "நீயே லெட்டர்ல எழுதிடுடா" என்றாள். மாமா, மேலே நான் கோபமாக எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு, மிச்ச வரிகளைத் தைரியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வந்து சமைக்கிறோம். அக்காவை எதையும் தூக்க விடாதீர்கள்.