கால எடுத்தும் அடங்காத காரு

அன்புள்ள மச்சானுக்கு, ஒங்கக்கா புருசன் எழுதுறது. இங்க நான் சொகம். ஒங்கக்காளுக்கு ஒரு கண்ணு சொகம், இன்னொன்னு இன்னும் கொஞ்ச நேரத்துல தெரியும். ஒன் காரு சொகமான்னு மட்டும் கேக்காத, அதுக்குத்தான் இந்தக் கடுதாசி.

கண்ணாஸ்பத்திரி பெஞ்சுல ஒக்காந்துருக்கேன். உள்ள அவளுக்கு ஆப்பரேசன் கட்டு அவுக்குறாங்க, என்னைய விடல. சும்மா ஒக்கார முடியல, அதான் ஒனக்கு எழுதுறேன்.

இவளக் கூட்டிப் போவன்னு நீ காரக் குடுத்துட்டுப் போனியா, ஒடனே நான் அதத் தொடச்சு, காலுக்கடில தகரம் சுடுதேன்னு ஒரு சாக்க நாலா மடிச்சு மெத்தையாட்டம் போட்டேன். எந்தச் சாக்கு தெரியுமா, போன வருசம் நீ வெங்காயம் கொண்டாந்தியே, அது. இன்னும் மணக்குது. சரி அத விடு. நேத்து ஒரு ஓட்டம் பாப்போம்னு ஆஸ்பத்திரி மேட்டுல தனியா விட்டேன். பாதி மேட்டுல முக்குது, மொனகுது, ஏறமாட்டேங்குது. ஆக்சிலேட்டர முழுசா மிதிக்கிறேன், சைக்கிளத் தள்ளிக்கிட்டு ஒருத்தன் என்னையத் தாண்டுறான். தாண்டுறவன் சும்மா போவலாம்ல? "அண்ணே, மேல யாருக்காச்சும் சேதி சொல்லணுமா?"ங்குறான்.

வீட்டுக்கு வந்து பானட்டத் தெறந்தேன். மிதிக்கிற எடத்துலேர்ந்து ஒரு கம்பி போயி, காத்தும் பெட்ரோலும் கலக்குற கார்பரேட்டர்ல ஒரு சின்னக் கைப்பிடிய இழுக்குது. அது திரும்புனா, உள்ள காத்துப் போற ஓட்டைல ஒரு தட்டு தெறக்குது. மேல்மூடியக் கழட்டிட்டு, கம்பிய இழுத்து இழுத்து விட்டுப் பாத்துக்கிட்டே நின்னேன். கண்ணு எமையாட்டம் மூடி மூடித் தெறக்குது மச்சான்! இம்மாம் பெரிய காரு இத்துனூண்டு தட்டு பேச்சத்தான் கேக்குதா?

ஒங்கக்காள மிதிக்க ஒக்கார வச்சேன். "முழுசா அமுக்கு."

"அமுக்கியாச்சு."

"எங்க அமுக்குன? தட்டு பாதிதான் தெறந்துருக்கு."

"கட்டு போட்டது கண்ணுக்குங்க, காலுக்கில்ல."

அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. இத்தன வருசமா நீ கம்பிய நீளமா வச்சு பாதி காருதான் ஓட்டியிருக்க. கம்பி நுனில மரை இருக்கு, திருகுனா நீளம் கொறையும். திருகு திருகுன்னு திருகி, தட்டு முழுசாத் தெறக்குற மட்டும் வச்சு நட்ட இறுக்குனேன். நீ நன்றி கூட சொல்ல வேணாம்னு நெனச்சுக்கிட்டேன்.

இன்னைக்குக் காலைல ஸ்டார்ட் பண்ணா காரு அலறுது. நான் கால எடுத்துட்டேன், அது எடுக்கல.

"மெதுவா மிதிங்க!"ங்குறா ஒங்கக்கா.

"நான் மிதிக்கவே இல்லடி!"

"அப்ப யாரு மிதிக்கிறா?"

நல்ல கேள்விதான். அத யோசிச்சுக்கிட்டே, கால மடக்கி வச்சுக்கிட்டே மேட்ட ஏறிட்டோம். நேத்து ஏறாத மேடு! ஆஸ்பத்திரி வாசல்ல பிரேக்க அமுக்கிச் சாவியத் திருப்புனப்புறந்தான் அமந்துச்சு. காவக்காரரு பூந்தொட்டி மேல ஏறி நிக்குறாரு. "ஐயா, இங்க கண்ணுதான் பாப்பாங்க. இப்ப என் காதுக்கு நான் எங்க போறது?"ன்னாரு.

கம்பிய நீட்டுனா தட்டு முழுசாத் தெறக்கல, கொறச்சா முழுசா மூடல. ரெண்டும் ஒரு கம்பிக்குள்ள எப்படி மச்சான் அடங்கும்? கண்ணு தெளிஞ்சவள இந்தக் காருல எப்படி மேட்டுலேர்ந்து எறக்குவேன்? பாதி காரு வச்சிருந்ததுக்கு ஒன்னையக் கோவிச்சுக்கல, வந்து சொல்லிட்டுப் போ. ஒன் வீட்டுல கேட்டதா சொல்லு. புள்ளைக நோய்நொடி இல்லாம வளரட்டும்.

இப்படிக்கு,
ஒன் கார முழுக் காரா ஆக்குன
அக்கா புருசன்

பி.கு: ஒங்கக்கா வந்துட்டா. கண்ணு நல்லாத் தெரியுதாம். எவ்வளவு நல்லான்னா, கார்க் கதவத் தெறந்ததும் குனிஞ்சு, "ஏங்க, வெங்காயச் சாக்க ஏன் ஆக்சிலேட்டருக்கு அடில சொருகி வச்சிருக்கீங்க?"ங்குறா. உருவிப் போட்டேன், மிதி தரை வரைக்கும் போவுது. கம்பியப் பழையபடி திருகுனேன், முழுசாத் தெறக்குது, முழுசா மூடுது, பூனையாட்டம் நிக்குது. அதனால மேல ஒன்னையச் சொன்னதெல்லாம் அடிச்சுடு. இத எழுதாமலே விட்டிருப்பேன், தோளுக்குப் பின்னால நின்னு படிக்கிறா. சாக்குன்னு வர்ற எடத்தப் பொடி எழுத்தா எழுதிப் பாத்தேன், அதையும் படிச்சுட்டா.