குளியலறைக்குள்ளிருந்து வந்த தீர்ப்பு

அன்பும் அறிவும் உள்ள மருமகப்பிள்ளைக்கு, அநியாயத்தைக் கண்டால் அடங்காத உன் மாமா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அத்தையும் உடம்பால் சுகம், மனசால் கொதிப்பு. அங்கே என் சொந்த வீட்டில் நீயும் உன் மனைவியும் குழந்தையும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். நீ போட்ட மூன்று கடிதங்களும் வந்தன. பிரிக்க நேரமில்லை, அலமாரி மேல் பத்திரமாக இருக்கின்றன. ஏனென்றால் நான் இங்கே ஒரு யுத்தத்தில் இருந்தேன்.

நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டின் சொந்தக்காரரை உனக்குத் தெரியும், கீழே குடியிருந்துகொண்டு முன்பக்கம் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எங்கள் குளியலறைத் தாழ்ப்பாள் நாலு மாதமாக ஒரு கெட்ட குணம் பழகியிருந்தது: உள்ளேயிருந்து போட்டால் திரும்ப எடுக்க வராது. மரியாதையாகப் போய்ச் சொன்னேன். "நீங்கதான் இழுத்து இழுத்து ஒடச்சிருப்பீங்க" என்றார். யாரைப் பார்த்து? நீதிமன்றத்தில் பெயர் கூப்பிடும் டவாலியாக முப்பது வருஷம் நின்றவனைப் பார்த்து. நீதிபதிகள் உட்கார்ந்தார்கள், நான் நின்றேன். அவர்களுக்குச் சட்டம் தலைவழியாக ஏறியது, எனக்குக் கால்வழியாக. எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்த அஸ்திவாரம் வேறு. எந்த நீதிபதியும் என் பக்கம் ஒரு பார்வை பார்க்காமல் தீர்ப்பைத் தொடங்கியதில்லை. (என் தலைக்கு மேல்தான் கடிகாரம் இருந்தது என்பாள் உன் அத்தை. அவளுக்குச் சட்டம் தெரியாது.)

ரிப்பேர் கேட்டதற்கு அந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா, மாசக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் கொடுத்துவிட்டார். எனக்கு ஒன்றுமில்லை, நான் எங்கே போனாலும் பிழைப்பேன். உன் அத்தை இந்தத் தெருவில் பதினெட்டு வருஷமாகத் துணி தைக்கிறாள். "வேற தெருவுக்குப் போனா யாருங்க என்னை நம்பி துணி குடுப்பாங்க" என்று மெஷின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்த பிறகு நான் சும்மா இருப்பேனா? வாடகைத் தகராறு தீர்க்கும் அதிகாரிக்கு ஒன்பது பக்கத்தில் மனு எழுதினேன். படித்து ஆடிப்போய் அவரே நேரில் வந்துவிட்டார்.

வந்தவர் முதலில் எங்கே போனார்? கீழே. வீட்டுக்காரர் வீட்டில் உட்கார்ந்து டீ குடித்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. மேலே வந்ததும் சொன்னேன்: "ஐயா, ஒரு தரப்பு டீயைக் குடிச்சிட்டு மறு தரப்பு வாதத்தைக் கேட்டா நியாயம் ஒருக்களிச்சுப் படுத்துக்கும்." நல்ல மனுஷன், எங்கள் டீயையும் குடித்தார். கீழே இருந்த டம்ளரை வரவழைத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அது எங்களுடையதைவிட ஒரு விரற்கடை உயரம். விடுவேனா, இன்னொரு அரை டம்ளர் ஊற்றினேன். உடனே வீட்டுக்காரர், "அப்ப அது ஒண்ணரையாச்சே சார், நானும் அரை குடுக்கணும்" என்று கீழே ஓடினார். இப்படியே நியாயம் வளர்ந்து ஐந்து டம்ளரில் வந்து நின்றது. அதிகாரி எழுந்து நின்று மெல்ல, "பாத்ரூம் எங்கங்க?" என்று கேட்டார். நானும் வீட்டுக்காரரும் ஒரே நேரத்தில் கை காட்டினோம். எங்களுக்குள் வந்த முதல் ஒற்றுமை அது. தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்ட பிறகுதான் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது.

அப்புறம் நடந்ததுதான் மாப்பிள்ளை, விசாரணை. "சார், நல்லா இழுங்க" என்றார் வீட்டுக்காரர். "இழுக்காதீங்கய்யா, அப்புறம் நீங்கதான் ஒடச்சீங்கன்னு இவரு சொல்லுவாரு" என்றேன் நான். "இப்ப பேசறது யாரு, வீட்டுக்காரரா, குடித்தனக்காரரா?" என்று உள்ளேயிருந்து குரல். "அது தெரிஞ்சா தீர்ப்பு சாஞ்சிரும்யா" என்றேன். மூன்றரை மணி நேரம் வாதாடினேன். (இருபது நிமிஷமாம், உன் அத்தை கணக்கு.) கடைசியில் உள்ளேயிருந்தே தீர்ப்பு வந்தது: "இது யாரும் ஒடச்சதில்ல, துருப்பிடிச்சுச் செத்துப்போன தாழ்ப்பாள். மூணு நாள்ல வீட்டுக்காரர் மாத்தணும். நோட்டீஸ் செல்லாது. யாராவது கதவைத் திறங்கப்பா." அதிகாரி வெளியே வைத்துவிட்டுப் போன என் மனுவின் ஒன்பது பக்கத்தையும் கெட்டியாக மடித்து இடுக்கில் செருகி, உன் அத்தைதான் தாழ்ப்பாளை நெம்பினாள். ஆக, கதவைத் திறந்தது என் மனுதான்.

ஜெயித்த பிறகும் எனக்கு ஆறவில்லை. வீட்டை வாடகைக்கு விடுகிறவன் நாலு சுவரை மட்டுமா விடுகிறான்? கதவு, தாழ்ப்பாள், குடியிருக்கிறவனின் மானம் எல்லாம் அதில் சேர்த்திதானே? ரிப்பேர் கேட்டவனை வெளியே போ என்கிறவன் மனுஷ ஜென்மத்தில் சேர்த்தியா? இதை நீ நாலு பேருக்குப் படித்துக் காட்டு.

நீயும் குடும்பமும் தாழ்ப்பாள் திறக்கும் வீட்டில் நூறாண்டு வாழ்க.

இப்படிக்கு,
நியாயத்துக்குத் தலைவணங்கும்
மாமா

பின்குறிப்பு: உறைமேல் எழுதப் பின்கோடு தேடி உன் கடிதங்களைப் பிரித்தேன். என் வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கும் நீயா, என் சொந்த அக்கா மகனா இப்படி எழுதுவது? குளியலறைக் கதவு கழன்று ஆறு மாதமாகிறது, வாளியை வைத்து மறைத்துக்கொள்கிறோம் என்கிறாய். போன வருஷம் நான் வந்தபோது கதவு நன்றாகத்தான் இருந்தது. நீதான் இழுத்திருப்பாய். பிடிக்காவிட்டால் மாசக் கடைசிக்குள் காலி செய். மூன்றாவது கடிதத்தில் அதிகாரிக்கு மனு போட்டதாக வேறு எழுதியிருக்கிறாய். இங்கே வந்தவருக்குத்தான் அங்கே மாற்றலாகியிருக்கிறதாம். வந்தால் உட்காரச் சொல், நான் கேட்டதாகச் சொல். டீ மட்டும் கொடுத்துவிடாதே.