ஏலத்தில் போன ரயில்

மயிலாப்பூர்,
செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

அன்புள்ள நோயலுக்கு,

உன் அத்தை மர்சலின், கண் ஆபரேஷனுக்குப் பின் வந்த புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதும் முதல் கடிதம் இது. எழுத்து பெரிது பெரிதாக இருந்தால் கோபம் என்று நினைக்காதே, கண்ணாடி இன்னும் பழகவில்லை. நீயும் ரெனிட்டாவும் சுகமாக இருக்கவும், உன் கட்சிக்காரர்கள் ஒழுங்காக ஃபீஸ் கொடுக்கவும் மாதாவிடம் தினமும் சொல்லிவைக்கிறேன்.

உனக்கு எட்டு வயதில், பக்கத்து பெஞ்சுப் பையன் உன் ரப்பரைத் தன்னுடையது என்று சாதித்த அன்று, நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அத்தே, ஒரு பொருள் என்னுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" பெயர் எழுதி வைத்தால் மட்டும் போதாது, அதை இன்னொருவருக்குக் கொடுத்துப் பார், தடுக்க யாரும் வராவிட்டால் அது உன்னுடையது என்று சொன்னேன். நீ உடனே போய் ரப்பரை அந்தப் பையனுக்கே கொடுத்துவிட்டு வந்தாய், உன் அம்மா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. இத்தனை வருடமாக அந்தப் பதில் சரி என்றே இருந்துவிட்டேன். இப்போது அதனாலேயே மாட்டிக்கொண்டிருக்கிறேன். இதைச் சொல்லத்தான் போன வாரம் சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு வந்தேன். நீ வேறு கோர்ட்டுக்குப் போயிருந்தாய், போனும் எடுக்கவில்லை. ஆகவே கடிதம். வக்கீல் படிப்பதுபோல் கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்காமல் வரிசையாகப் படி.

கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தால், என்னிடம் இருப்பதிலேயே எனக்கு மிகப் பிரியமான பொருளைப் பங்குத் திருவிழா ஏலத்துக்குக் கொடுப்பதாக நேர்ந்துகொண்டேன். கண் நல்லபடி தெரிந்தது. எது பிரியமானது என்று யோசித்தேன். சங்கிலி இல்லை, தையல் மிஷின் இல்லை. போன மழைக்காலத்தில் கம்ப்யூட்டரில் காசு கட்டி டவுன்லோடு செய்தேனே, பனிமலைக்குள் ரயில் ஓட்டும் விளையாட்டு, அதுதான். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் மலைக்கும் ஏரிக்கும் நடுவில் ரயிலை ஓட்டாவிட்டால் எனக்கு அன்றைய நாள் முடிந்ததாகவே தோன்றாது. பிரியமானதைக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சங்கிலியைக் கொடுத்தால் மாதாவை ஏமாற்றுவதாகாதா? ஆகவே விளையாட்டின் படத்தை அச்செடுத்து ஒரு தட்டில் வைத்து, பலாப்பழத்துக்கும் இரண்டு சேவலுக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்தேன். ஃபாதர் எல்லாவற்றின் மீதும் தீர்த்தம் தெளித்தார், மை கரைந்து இன்ஜின் மட்டும்தான் மிஞ்சியது. ஏலம் கூறிய அய்யாதுரையிடம் நான் விளக்கிச் சொன்னதில் அவருக்குப் பாதிதான் புரிந்தது, மைக்கில் "அடுத்தது மர்சலின் டீச்சரோட ரயிலு, இன்ஜினு பெட்டியோட" என்று கூவிவிட்டார். குடும்பத்தோடு வேளாங்கண்ணி போய்வர டிக்கெட் என்று நினைத்துக்கொண்டு பாத்திரக்கடைக்காரர் ஒருவர் விடாமல் கேட்டு ஏற்றிக்கொண்டே போனார். திரும்பி வரும் டிக்கெட்டும் உண்டா என்று அவர் விசாரித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது, அவர் உட்கார்ந்துவிட்டார், ஆனால் எதிரே கேட்டுக்கொண்டிருந்தவர் உட்காரவில்லை. அவர்தான் ஆம்ப்ரோஸ்.

ஆம்ப்ரோஸ் சாரை உனக்குத் தெரியாது. மந்தைவெளியில் மகன் வீட்டில் இருக்கிறார், மனைவி இறந்து நான்கு வருடம். கடற்கரை-தாம்பரம் மின்சார ரயிலில் முப்பத்தொரு வருடம் கார்டாக இருந்தவர். அந்த ரயிலில் முன்னாலும் பின்னாலும் ஒரே மாதிரி அறைதான், நீ கவனித்திருப்பாய். பின்னால் இருக்கும் கார்டுக்கு எதிரிலும் ரயிலை ஓட்டும் கைப்பிடி இருக்கும், ஆனால் அதை அவர் தொடக்கூடாது. முப்பத்தொரு வருடம் அதன் எதிரில் நின்றுகொண்டு, தண்டவாளம் பின்னால் ஓடுவதை மட்டுமே பார்த்திருக்கிறார். "ஒரு தபா எதிர்ல வர்றத பாக்கணும் டீச்சர், அதான் எடுத்தேன்" என்றார். இதைக் கேட்ட பிறகு கொடுக்காமல் இருக்க முடியுமா?

மறுநாள் காலை பென்டிரைவோடும் ஒரு துணிப்பையோடும் வந்தார். பை எதற்கு என்று கேட்டேன், பெட்டியெல்லாம் இருக்குமே என்றார். விளையாட்டை அதில் காப்பி செய்ய மூன்று மணி நேரம் ஆனது, அதற்குள் இரண்டு முறை டீ குடித்தார். வீட்டுக்குப் போய்ப் போட்டால் என் பாஸ்வேர்டைக் கேட்டதாம். சொன்னேன். உடனே என் போனுக்கு ஓர் எண் வந்தது, அதையும் சொன்னேன். பால் பாக்கெட் எடுக்கக் கீழே இறங்கினேன், மறுபடி ஓர் எண். இப்படி ஏழு தடவை. அதன் பிறகு, உங்கள் கணக்கில் சந்தேகத்துக்குரிய நடமாட்டம் தெரிகிறது என்று சொல்லி அந்தக் கம்பெனி எங்கள் இருவரையுமே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டது. நாற்பது வருடம் பிள்ளைகள் நடுவில் ஒழுக்கமாக இருந்தவளுக்குச் சந்தேகத்துக்குரிய நடமாட்டமாம்.

சரி, நீ பத்தாம் வகுப்பில் ஒரு கிரிக்கெட் டிஸ்க்கை வாங்கி, ஆடி முடித்ததும் தி.நகர் மெஹபூப் பாஷா கடையில் கொடுத்துவிட்டு வேறொன்று எடுத்து வருவாயே, அது ஞாபகம் வந்து ஆம்ப்ரோஸையும் அழைத்துக்கொண்டு அங்கே போனேன். பாஷாவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது, உன்னையும் விசாரித்தார். இப்போது மொபைல் உறைதான் விற்கிறார். விஷயத்தைச் சொன்னதும் வருத்தத்தோடு சிரித்தார். "டிஸ்க்கு இருந்தா குடு டீச்சரம்மா, இப்பவே இவரு கைல மாத்தி வுட்டுர்றேன். டவுன்லோடுன்னா கைல இன்னா கீது? காத்துதான் கீது. காத்த நான் எந்த ரேக்குல அடுக்குறது?" அந்த வியாபாரம் படுத்ததே இதனால்தானாம். பழையது கைமாறாவிட்டால், வருகிறவர்கள் எல்லாரும் புதிதாகத்தானே வாங்கியாக வேண்டும் என்றார். போகும்போது ஆம்ப்ரோஸுக்கு ஒரு போன் உறையைச் சும்மா கொடுத்தார். பார், அதைக் கொடுக்க அவரால் முடிந்தது.

பிறகு கம்பெனிக்கே எழுதினேன். சிம்ரா என்று ஒரு பெண் பதில் போட்டாள், பொறுமையான பெண். என் கதையை முழுதும் கேட்டுக் கணக்கைத் திறந்துவிட்டாள். ஆனால் விளையாட்டை மாற்றித்தர முடியாதாம். நான் வாங்கியது விளையாட்டை அல்ல, விளையாடும் அனுமதியைத்தானாம். நான் புடவை உதாரணம் சொன்னேன். பாண்டி பஜாரில் ஒரு புடவை வாங்குகிறேன், நீ மட்டும்தான் கட்டலாம், தங்கைக்குக் கொடுக்கக்கூடாது, விற்கவும் கூடாது, கடையை மூடிவிட்டால் உன் பீரோவிலிருந்தும் அது மறைந்துபோகலாம் என்று கடைக்காரர் சொன்னால், அந்தத் தெருவில் ஒரு நாள் கடை நடத்த முடியுமா? அது துணி மேடம், இது உரிமம் என்றாள். அப்படியானால் பொத்தானில் 'வாங்கு' என்று ஏன் எழுதினீர்கள், 'கொஞ்ச நாள் வைத்துக்கொள்' என்று எழுதியிருக்கலாமே என்று கேட்டேன். மேலே தெரிவிப்பதாகச் சொன்னாள். நான் இறந்த பிறகாவது ஆம்ப்ரோஸுக்குப் போகுமா என்றேன். நான் நீண்ட ஆயுளோடு இருக்க வாழ்த்திவிட்டு, போகாது என்றாள். கடைசியில், அவளே நாற்பது விளையாட்டு வாங்கி வைத்திருப்பதாகவும், கல்யாணமாகிப் போகும்போது தம்பிக்கு விட்டுப்போக வழியில்லை என்றும் எழுதினாள். அதற்கு அடுத்த வரியிலேயே, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். முதல் உதவியே இன்னும் வரவில்லையே அம்மா என்று பதில் போட்டேன்.

ஃபாதரிடம் போனேன். நேர்ச்சைப் பொருள் கைமாறவில்லையே, நான் என்ன செய்ய? "டீச்சர், நீங்க மாதாவுக்குத்தான் குடுத்தீங்க. மாதாவுக்குப் பாஸ்வேர்டு வேணாம்" என்றார். மாதாவுக்கு வேண்டாம், ஆம்ப்ரோஸுக்கு வேண்டுமே. ஏலப் பணத்தைத் திருப்பித் தரலாமா என்று கேட்டதற்கு, கோயிலுக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று ஆம்ப்ரோஸ் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்.

ஆகவே இப்போதைய ஏற்பாடு என்னவென்றால், தினமும் நாலு மணிக்கு அவர் என் வீட்டுக்கு வந்து ஓட்டுகிறார். கொடுத்துவிட்ட பொருளை நான் தொடக்கூடாது என்பதால் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். சும்மா உட்கார விடுகிறாரா? நான்தான் கார்டாம், கார்டு இரண்டு தடவை மணி அடிக்காமல் வண்டியை எடுக்க மாட்டேன் என்கிறார். மணிக்கு எங்கே போவது, எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூனால் இரண்டு தட்டுத் தட்டுகிறேன். அதன் பிறகுதான் கைப்பிடியில் கை வைக்கிறார். முதல் நாள் முதல் சுரங்கத்தைத் தாண்டி ஏரி தெரிந்தபோது நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். சிவப்பு விளக்கு விழுந்தால் ஆளில்லாத ஸ்டேஷனில்கூட நின்று காத்திருக்கிறார். "கோட்டு போட்டவன் ஒருத்தன்கூட படில தொங்கல பாருங்க" என்று மெச்சிக்கொள்கிறார். மாடி வீட்டுக் கோதண்டபாணி மாமா நேற்று என்னைப் படிக்கட்டில் மடக்கினார். திட்டப்போகிறார் என்று பயந்தேன். "டீச்சர், உங்காத்துல தெனம் நாலு மணிக்கு டம்ளர் தட்டற சத்தம் கேக்கறதே, அதைக் கேட்டுண்டுதான் எங்காத்துல காபி போடறா. நிறுத்திடாதீங்கோ" என்றார்.

இருந்தாலும் நியாயம் நியாயம்தானே. காசு கொடுத்து வாங்கிய பொருளை எனக்குப் பிடித்தவருக்குக் கொடுக்கவோ விற்கவோ எனக்கு உரிமை வேண்டும், அதை ஆம்ப்ரோஸ் பெயருக்கு மாற்றித்தர வேண்டும் என்று அந்தக் கம்பெனிக்குக் கண்டிப்பான ஒரு நோட்டீசு அனுப்பு. புடவை உதாரணத்தை மறக்காமல் சேர். இந்த வாரமே அனுப்பு.

ரெனிட்டாவுக்கு என் முத்தங்கள். நீங்கள் இருவரும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நூறு வருடம் இருக்க வேண்டும்.

உன் பாசமுள்ள அத்தை,
மர்சலின்

பி.கு.: கடிதத்தை உறையில் போடுவதற்குள் நாலு மணி ஆகிவிட்டது. ஆம்ப்ரோஸ் வந்தார், அவருக்கும் படித்துக் காட்டினேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவரோ, கேஸ் ஜெயித்தால் விளையாட்டு அவர் வீட்டுக்கே போய்விடுமா என்று கேட்டார். போகும் என்றேன். "அப்ப கார்டுக்கு இன்னா பண்றது? மருமவ ஆபீஸ்லருந்து வர எட்டு மணி ஆவுது. கார்டு இல்லாம வண்டி எடுக்கக்கூடாது டீச்சர், ரூல்ஸ் ஒத்துக்காது." எனக்கும் ரூல்ஸ் சரி என்றுதான் பட்டது. அவர் போன பிறகு ஃபாதருக்குப் போன் செய்தேன். நேர்ச்சைக்குப் பதிலாகத் தையல் மிஷினைக் கொடுக்கிறேன் என்றதும் சம்மதித்து, நாளைக்கே ஆள் அனுப்புகிறார். மேலே நோட்டீசைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிடலாமென்றால், இவ்வளவு எழுதியதை அடிக்க மனம் வரவில்லை. நீ ஒன்று செய். இந்த ஒரு கேஸில் மட்டும், வாய்தா வாங்கிக்கொண்டே இருந்து பார்.