கூம்பர் அண்ணையும் சேலை கட்டிய செடியும்

மொன்றியல் தமிழர்கள் ஒரு மஞ்சள் பூவையும் நிம்மதியாகப் பார்க்க முடியாமல் செய்துவிட்ட மனிதர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் கூம்பர் அண்ணைதான்.

கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்காரர். பிஸ்கற் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவருக்கு ஒரு பூவின்மேல் பைத்தியம் பிடித்தது. இந்த மண்ணில் தானாகவே முளைக்கும், சூரியகாந்திக் குடும்பத்துப் பூ. அதற்குக் கூம்புப் பூ என்று அவர் பெயர் வைத்தார். பதிலுக்கு நாங்கள் அவருக்குக் கூம்பர் என்று வைத்தோம்.

"மஞ்சளாக் கண்டதெல்லாம் சூரியகாந்தி எண்டு சொல்லாதையும் தம்பி. ஒரே குடும்பமெண்டால் நீரும் உம்மட சித்தப்பாவும் ஒராளோ?" என்பார். பிறகு பாடம் தொடங்கும். தண்டு வழுவழுப்பாக இருக்க வேண்டும். இலை விரல் விரலாகப் பிரிந்திருக்க வேண்டும். பூவின் நடுப்பகுதி பச்சையாக, கூம்பு போல எழும்பி நிற்க, இதழ்கள் கீழே தொங்க வேண்டும்.

செத்த வீட்டுக்குப் போனாலும் மலர்வளையத்தைத் தடவிப் பார்க்காமல் வரமாட்டார். ஒருமுறை நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் யாரோ வீட்டு முற்றத்தில் முழங்காலில் நின்று தண்டு தடவிக்கொண்டிருந்தார். அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு நான் பக்கத்தில். கதவைத் திறந்து வந்த வீட்டுக்காரப் பெண்ணிடம் "போன்ஜூர் மடாம்" என்று வணக்கம் வைத்துவிட்டு, அந்த வீட்டுப் பூ அசல் இல்லை என்று நல்ல பிரெஞ்சில் அறிவித்தார். நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது எனக்கு.

இப்படிப்பட்டவருக்குக் கடந்த வசந்தத்தில் எங்கள் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்திலேயே அதிர்ஷ்டம் முளைத்தது. ஒரு சின்னச் செடி, இலை பிரிந்து பிரிந்து. தண்டைத் தடவிப் பார்க்கக்கூட அவருக்குப் பொறுமை இருக்கவில்லை. "இதுதான்! அசல் கூம்புப் பூ!" என்று கட்டடம் அதிரக் கத்தினார். சைக்கிள் நிறுத்த இடம் செய்வதற்காக அதை வெட்ட வந்த கட்டடப் பொறுப்பாளரை மறித்து, பூக்கும்வரை தவணை வாங்கினார்.

அதோடு விட்டாரா? நாலு பேர் பார்த்தால் கண்ணூறு பட்டுவிடும் என்று தடிகள் நட்டு, மனைவியின் பழைய சேலையைச் சுற்றிக் கட்டினார். செடி வளர வளரச் சேலையும் உயர்ந்தது. எவரும் பார்க்கக் கூடாது, தொடக் கூடாது. "ஆசைப்பட்டவன்ரை கண்தான் கூடப் பொல்லாதது" என்று தானும் பார்க்கவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் ஊற்றினார்.

ஆவணியில் சேலைக்கு மேலாக ஒரு மொட்டு எட்டிப் பார்த்தது. அடுத்த ஞாயிறு கட்டடம் முழுவதற்கும் அழைப்பு. மனைவி வடை சுட்டார். பொறுப்பாளரும் வந்தார். கூம்பர் அண்ணை வேட்டி கட்டிக்கொண்டு வந்து சேலையை அவிழ்த்தார்.

ஆளுயரச் செடியில் பளீரென்று மஞ்சள் பூக்கள். நாங்கள் கை தட்டினோம். அவர் தண்டைத் தடவினார். சொரசொரத்தது. பூவின் நடுப்பகுதி தட்டை. ஓர் இலைகூடப் பிரிந்திருக்கவில்லை. வசந்தத்தில் அவர் கண்ட பிரிவெல்லாம் புழு தின்ற வேலை.

"ஓம், இதுதான்" என்று சொல்லிவிட்டு அவர் வடையைக் கடித்திருக்கலாம். அங்கே நின்ற எவருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

"இது அதில்லை," என்றார். "சந்தையில விக்கிற தொப்பினம்பூர்க் கிழங்குச் செடி. நான் பிழை விட்டிட்டன். எல்லாரும் மன்னிக்க வேணும்."

"அப்ப கோடை முழுக்கக் கிழங்குக்கோ சேலை கட்டினனீங்கள்?" என்று பின்னால் நின்ற ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சேலையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு தலை நிமிராமல் படியேறினார். அவருடைய மனைவி வடைத் தட்டுடன் எங்கள் நடுவில் நின்றார். எங்களை நினைக்க எனக்கே வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவர் வெளியே வரவில்லை. குப்பை போடவும் மனைவிதான் இறங்கினார். லிஃப்டில் பாடம் எடுக்க ஆளில்லாமல் கட்டடம் சப்பென்று போனது.

கொஞ்ச நாள் கழித்து, மொன்றியலுக்கு அக்கரையில் உள்ள லொங்குய்யில் ஆற்றோரமாக நடந்துகொண்டிருந்தேன். புதருக்குள் மஞ்சளாக ஒன்று. முழங்காலில் இறங்கித் தடவிப் பார்த்துவிட்டு ஃபோனை எடுத்தேன்.

"அண்ணை, தண்டு வழுக்குது."

அந்தப் பக்கத்தில் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, "இலை?" என்றார்.

"விரல் விரலாப் பிரிஞ்சு கிடக்கு. புழு தின்னேல்லை, வடிவாப் பாத்திட்டன்."

"நடு?"

"பச்சை. எழும்பி நிக்குது. இதழெல்லாம் கீழ தொங்குது."

"அசையாதையும். மெட்ரோ பிடிச்சு வாறன்."

சேற்றில் முழங்காலில் நின்ற என்னை, நடக்க வந்தவர்கள் எல்லாம் ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டு போனார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் வந்து சேரும்வரை நான் அந்தத் தண்டிலிருந்து கையை எடுக்கவில்லை.