முயல் வீட்டு வால்வும் நரி தந்த பாதுகாப்பும்

ஒரு காட்டில், பொழுது இருட்டியதும், ஒரு முயல் வளையின் தரைக்கு அடியிலிருந்து 'டொக்... டொக்... உஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்டது. பேய் என்று நினைத்தது தாய் முயல் பிலோமினா. மூன்று குட்டிகளையும் அணைத்துக்கொண்டு தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொல்லிப் பார்த்தது. சத்தம் நிற்கவில்லை. ஆகவே இது பேய் இல்லை, பிளம்பிங் என்ற முடிவுக்கு வந்தது.

அது பனி கொட்டும் மலைக்காடு. கொஞ்சம் வசதியான வளைகளில் தரைக்கு அடியில் குழாய் பதித்து வெந்நீர் ஓடவிடுவார்கள். தரை இதமாகச் சுடும். பிலோமினாவின் வளையில் முன்னறை ஒன்று, குட்டிகள் தூங்கும் உள்ளறை ஒன்று. நடைச் சுவரில் ஒரு பெட்டி. அதற்குள் அறைக்கு ஒரு வால்வு. அதில் உள்ளறை வால்வு மூடியபடியே சிக்கிக்கொண்டது. அங்கே போக வேண்டிய வெந்நீரும் சேர்ந்து முன்னறைக்கே போனது. முன்னறை சுடச்சுட இருந்தது, உள்ளறைத் தரையோ ஐஸ் கட்டி. குட்டிகளுக்கு இன்னும் முடி முளைக்கவில்லை. அன்றைக்கு மூன்றையும் முன்னறையில் போட்டுப் படுத்தது பிலோமினா.

விடிந்ததும் வால்வு மெக்கானிக் நீர்நாய்க்குப் போன் போட்டது.

"வீட்ல ஆம்பளைங்க இருக்காங்களாம்மா?"

"அவர் மலைக்குக் கீழே கோஸ் தோட்டத்துல வேலையா இருக்காருங்க. பனி முடிஞ்சாத்தான் வருவார்."

"அப்ப பனி முடிஞ்சதும் கூப்பிடுங்க."

"பனி முடிஞ்சா எனக்கு வால்வு எதுக்குங்க?"

"பாத்தீங்களா, இதுக்குத்தான் ஆம்பளைங்ககிட்ட பேசணும்கறது."

நீர்நாயைச் சொல்லிக் குற்றமில்லை. அது காட்டுக் குடியிருப்போர் சங்கத்தின் விதி. தனியாக இருக்கும் பெண் விலங்கின் வீட்டுக்குள் எந்த மெக்கானிக்கும் போகக் கூடாது. எல்லாம் பெண்களின் பாதுகாப்புக்காக. பெண்களைக் கேட்டுத்தான் போட்டார்களா என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு அன்றைய கூட்டத்தில் பெண்கள் யாரும் இல்லை.

பிலோமினா சங்கத் தலைவர் காட்டெருமையிடம் போய் நின்றது.

"பயப்படாதேம்மா," என்றது காட்டெருமை, அசை போட்டபடி. "நம்பிக்கையான ஆள் ஒருத்தரை அனுப்பறேன். வேலை முடியற வரைக்கும் கூடவே உக்காந்திருப்பார். ஆனா ஒண்ணு, கதவைத் தாழ்ப்பாள் போட்டுடாதே. நாலு பேர் தப்பாப் பேசுவாங்க."

நம்பிக்கையான ஆள் வந்தது. நரி. போன மழைக்காலத்தில் ஒரு காடைக் குடும்பத்துக்குப் பாதுகாப்பாக இருந்ததும் இதே நரிதான். இப்போது அந்தக் குடும்பத்துக்குப் பாதுகாப்பே தேவைப்படுவதில்லை.

நரியைக் கண்டதும் குட்டிகளை வாரிக்கொண்டு போய் உள்ளறையில் படுக்க வைத்தது பிலோமினா. தரை பட்டதும் மூன்றும் சுருண்டன.

"இனிமே கவலையை விடு தங்கச்சி," என்று முன்னறையில் கால் நீட்டிச் சாய்ந்தது நரி. "அடடா, என்ன சுகமான தரை. ஒரு சுக்குக் காப்பி போடேன். குட்டிங்க எங்கே, சத்தமே காணோம்? நல்ல எடையா எல்லாம்?"

சாயங்காலம் நீர்நாய் பையோடு வந்தது.

"உள்ளறை வால்வுதாங்க," என்று ஆரம்பித்தது பிலோமினா. நீர்நாய் அது பக்கமே திரும்பவில்லை. நரியைப் பார்த்து, "சொல்லுங்க சார், என்ன பிரச்சினை?" என்றது.

"தெரியலையே. எனக்கு இங்கே நல்லாத்தான் சுடுது."

"சுடுதுன்னா வால்வு வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்."

"உள்ளே குழந்தைங்க விறைச்சுக் கிடக்குதுங்க. ஒரு எட்டு வந்து பாருங்களேன்."

"லேடீஸுக்குக் குளிர் கொஞ்சம் கூடுதலாத்தான் தெரியும் சார். அதுவும் பிள்ளை பெத்த உடம்பு."

"அதானே," என்றது நரி. இரண்டும் சிரித்தன. பையைத் திறக்காமலே நீர்நாய் கிளம்பியது. அடுத்த வேலை ஓடைக்கரையில், ஆமை வீட்டில்.

நரி மட்டும் கிளம்பவில்லை. "உன் வீட்டுக்காரர் வர்ற வரைக்கும் இங்கேயே இருந்துக்கறேன் தங்கச்சி. எனக்கொண்ணும் சிரமமில்லை," என்றது. சொல்லும்போது அதன் கண் உள்ளறைப் பக்கம் போய்விட்டுத் திரும்பியது.

உள்ளே கடைக்குட்டியின் காது நீலம் பாரித்திருந்தது. அழக்கூட அதற்குத் தெம்பில்லை. பிலோமினா நடைக்கு வந்து சத்தமில்லாமல் பெட்டியைத் திறந்தது. வால்வுகளின் மூடியைக் கழற்றிப் பார்த்தது. முன்னறை வால்வில் சின்னதாக ஒரு ஊசி மேலே நின்றது. உள்ளறை வால்வில் அதே ஊசி உள்ளே அமுங்கி, தண்ணீர் போகும் வழியை அடைத்துக் கிடந்தது. இவ்வளவுதான் விஷயம். பிலோமினா கான்வென்ட்டில் படித்தது. அங்கே வாயை மூடிக்கொண்டிருக்கக் கற்றுக்கொடுத்தார்கள். வாய்க்குள் பல் இருக்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை. ஊசியின் தலையை முன்பல்லால் கவ்வி இழுத்தது. வரவில்லை. தாடை வலிக்க மறுபடி இழுத்தது. 'உஸ்ஸ்ஸ்' என்று உள்ளறைக்குத் தண்ணீர் ஓடியது.

அதே கையோடு முன்னறை வால்வை இறுகத் திருகி மூடியது.

கொஞ்ச நேரத்தில் நரி வாலைச் சுருட்டி அடியில் வைத்துக்கொண்டது.

"தங்கச்சி, தரை ஜில்லுனு ஆகுதே."

"எனக்கொண்ணும் தெரியலையேண்ணே."

"உள்ளறை சூடா இருக்கும்போல. நான் வேணா அங்கே வந்து படுத்துக்கவா?" நரி எழுந்தே விட்டது.

பிலோமினாவுக்கு மூச்சு நின்றது. ஆனால் குரல் நிற்கவில்லை.

"வாங்கண்ணே. ஆனா அங்கேயும் இப்ப சூடு நின்னுடும். வால்வு மொத்தமாப் போயிடுச்சு. நீர்நாய் ஓடைக்கரையிலதான் இருக்கார், கூப்பிட்டா வந்துடுவார். நான் கூப்பிட்டா வருவாரா?"

"பொம்பளை கூப்பிட்டு எவன் வருவான்?" நரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசலுக்குப் போய், "யோவ், மெக்கானிக்கு," என்று குரல் கொடுத்தது.

"ஓடை இரைச்சல்ல கேக்காதுண்ணே. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்க் கூப்பிடுங்க."

நரி தள்ளிப் போய்க் கூப்பிட்டது. ஆண் குரல் அல்லவா, நீர்நாய் செய்த வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தது. இரண்டும் வாசலை நோக்கித் திரும்பியபோது 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

இந்தத் தடவை வால்வு இல்லை. பிலோமினா உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டிருந்தது.

நீதி: வீட்டில் ரிப்பேர் வேலை என்றால் ஓர் ஆண் கட்டாயம் தேவை, அவர் கதவுக்கு வெளியே நின்றால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம்.